நானூற்றுப் பதிமூன்றாவது மரம்

மரம் ஒன்று அதிகமாக இருந்தது.

பழைய பட்டியலில் நானூற்றுப் பன்னிரண்டு. அவள் எண்ணியதில் நானூற்றுப் பதிமூன்று. அலுவலக அறையின் தகரக் கூரைக்குக் கீழே, ஈரக் காகிதமும் எலிப்புழுக்கையும் கலந்து வீசிய வாசனைக்கு நடுவில் உட்கார்ந்து மூன்று முறை கூட்டிப் பார்த்தாள். மூன்று முறையும் கணக்கு உதைத்தது.

அது ஒன்றும் பெரிய காடு அல்ல. ஒரு பக்கம் மேம்பாலம், ஒரு பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் முதுகு, பின்னால் பஸ் டிப்போ. நடுவில், கட்டிடம் கட்ட நகரம் மறந்துபோன பதினெட்டு ஏக்கர். ஒரு குளம், குளத்தைச் சுற்றி நாணலும் சம்பும், அதற்கப்பால் நாவல், புங்கை, வாகை, அத்தி. குப்பை கொட்டிக்கொண்டிருந்த இடத்தில் கொக்குகள் கூடு கட்டவே யாருக்கோ மனசு வந்து வேலி போட்டு, 'இயற்கைப் பாதுகாப்புப் பகுதி' என்று பலகை மாட்டினார்கள். ஆறு வருடத்துக்கு முன்னால் எல்லா மரங்களுக்கும் தீப்பெட்டி அளவில் அலுமினியத் தகடு அடித்து எண் கொடுத்தார்கள். இப்போது அவற்றை மறுபடி அளந்து, சுற்றளவு, உயரம், பூச்சி அரிப்பு எல்லாவற்றையும் எழுதித் தர இரண்டு மாத வேலையாக வந்திருந்தாள். நாற்பத்தாறு வயது. கழுத்தில் எப்போதும் மாலைபோல் ஓர் அளவு டேப். வாசல் காவலர் அவளைப் பார்த்த முதல் நாளே கேட்டார், "மேடம் டெய்லரா?"

தகடு இல்லாத அந்த ஒரு மரம் குளத்தின் மேற்குக் கரையில், பாதை வளையும் இடத்தில், ஒரு நாவலுக்கும் ஒரு புங்கைக்கும் நடுவில் நின்றது. மறுநாள் காலை அதைப் பார்க்கவென்றே போனாள். தலைக்கு மேலே வக்காக்கள் அடையும் கிளைகள். அவற்றின் எச்சம் விழுந்து அந்த வட்டாரமே சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துக் கிடந்தது. புல், கல், நாவலின் அடிமரம், எல்லாம் வெள்ளை. அந்த மரத்தின் மேல் மட்டும் ஒரு பொட்டு இல்லை.

செவ்வெறும்புகள் புங்கையிலிருந்து இறங்கி, நாவலுக்குப் போகும் வழியில் அதன் அடியை அரைவட்டமாகச் சுற்றிக்கொண்டு போயின. சிலந்தி வலை இல்லை. பாசித் திட்டு இல்லை. புங்கைப் பக்கத்துக் கிளையில் ஓர் இலையைப் பறித்தாள். புங்கை இலை. நாவல் பக்கத்துக் கிளையில் பறித்தாள். நாவல் இலை. இரண்டையும் கசக்கி முகர்ந்தாள். புங்கை வாசமும் இல்லை, நாவல் வாசமும் இல்லை. விரலில் வெறும் ஈரம். மரம் என்றால் எப்படி இருக்கும் என்று பக்கத்தில் நிற்பவர்களைப் பார்த்துப் பார்த்து யாரோ தெரிந்துகொண்டதைப்போல.

அடிமரத்தை அளப்பதற்கு அதைக் கட்டிப்பிடித்துத்தான் ஆகவேண்டும். கன்னம் பட்டையில் பட, இரு கைகளையும் பின்னால் கொடுத்து, டேப்பின் நுனியை அந்தப் பக்கம் பிடித்து இழுத்தாள். எண்பத்தோரு சென்டிமீட்டர். எழுதக் குனிந்தவள் மறுபடி பார்த்தாள். எண்பத்து மூன்று. மறுபடி எண்பத்தொன்று. கை நடுங்குகிறதோ என்று முழங்கையை விலாவோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, தன் மூச்சையும் நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

டேப் இறுகியது. தளர்ந்தது. இறுகியது.

அப்போதுதான் கவனித்தாள். காலையிலிருந்து காதைத் துளைத்துக்கொண்டிருந்த சில்வண்டுகள் எப்போதோ நின்றுவிட்டிருந்தன.

வாசலுக்கு வந்து ஒரு பாட்டில் தண்ணீரையும் குடித்து முடித்தாள். காவலர் இருபத்தொன்பது வருடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். இன்னமும் பார்வையாளர்களைப் பயணிகள் என்றுதான் சொல்வார். வயதில் மூத்தவர் என்பதால் அவள் அண்ணே என்று கூப்பிடுவாள்.

"அண்ணே, மேற்குக் கரையில நாவல் மரத்துக்குப் பக்கத்துல ஒண்ணு நிக்குதே, அது எத்தனை வருஷமா இருக்கு?"

"மரத்தைப் பத்தி என்கிட்ட கேக்கறீங்களே மேடம். எனக்கு எல்லாமே ஒரே பச்சை. ஏன், டிக்கெட் எடுக்காம நிக்குதா?"

அவளும் சிரித்துவைத்தாள்.

மேலாளரிடம் போனில் சொல்லலாமா என்று யோசித்தாள். மரத்தின் தண்டு விடியற்காலையில் நீர் ஏறி மயிரிழை அளவு பருக்கும், வெயிலில் சுருங்கும். அதெல்லாம் அவளுக்குத் தெரியும். இரண்டு சென்டிமீட்டர், நான்கு விநாடிக்கு ஒருமுறை என்று சொன்னால் அந்தப் பக்கம் என்ன பதில் வரும் என்பதும் தெரியும். போன வருடம், விவாகரத்து முடிந்த மாதத்தில், வேறோர் இடத்துக் கணக்கெடுப்பில் ஒரே மரத்தை மூன்று முறை எழுதிவிட்டிருந்தாள். 'கொஞ்ச நாள் ஓய்வு எடுங்க' என்று மரியாதையாக வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குப்பின் கிடைத்த முதல் வேலை இது. மேலாளர் ஒவ்வொரு போனிலும் முதலில் கேட்பது, "சரியாத் தூங்கறீங்களா?"

அவள் சரியாகத் தூங்கவில்லை. மூன்று தெரு தள்ளி எடுத்திருந்த வாடகை அறையில் ஒரு கட்டில், ஒரு மின் அடுப்பு, எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்த ஒரு ஜன்னல். ஞாயிறு மாலை கடைக்காரரிடம் "ஒரு பாக்கெட் பால்" என்று சொன்ன பிறகு திங்கள் காலை வாசலில் கண்டக்டரைப் பார்க்கும்வரை வாயைத் திறக்கவே தேவை இருக்காது. பதினைந்து வயது மகள் அப்பாவோடு இருந்தாள். ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை, ஏதாவது ஒரு கடைவளாகத்தில், இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஜூஸ் குடிப்பார்கள். "படிப்பு எப்படிப் போகுது?" "ம்." "அப்பா எப்படி இருக்கார்?" "ம்." கிளம்பும்போது ஒரு கையசைப்பு. அவள் மகளைக் கட்டிக்கொள்வதில்லை. வேண்டாம் என்றில்லை. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் போய்விட்டது. சின்னவளாக இருந்தபோது பின்னாலிருந்து ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டவளிடம், "இரு சுண்டு, அம்மா வேலையா இருக்கேன்ல" என்று எத்தனை முறை சொல்லியிருப்பாள். அப்புறம் சுண்டு ஓடிவருவதை நிறுத்திவிட்டாள்.

இரண்டு நாள் கிழக்குக் கரையிலேயே வேலையை வைத்துக்கொண்டாள். மூன்றாவது நாள் மேற்குக் கரைக்குப் போகவேண்டி வந்தது. நாவலுக்கும் புங்கைக்கும் நடுவில் எதுவும் இல்லை. மண் கலையவில்லை, குழி இல்லை, எச்சத்தின் வெள்ளைக்கு நடுவில் மட்டும் சட்டி அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம். அந்த மரம் பத்தடி தள்ளி, பாதைக்கு இன்னும் கிட்டே, ஒரு வாகைக்கு அருகில் நின்றது. அதன் மேல் இப்போது வாகை இலைகள்.

அவள் அப்போதே ஓடியிருக்கவேண்டும். அவள் ஓடவில்லை. ஏன் என்று பிறகு பலமுறை தன்னையே கேட்டுக்கொண்டாள். குளத்தில் முக்குளிப்பான் ஒன்று தலைமூழ்கி, வேறோர் இடத்தில் எழுந்தது. மேம்பாலத்தில் வண்டிகள் தூரத்து அருவிபோல் இரைந்தன. வெயில் இல்லாத, காற்றில்லாத, சாம்பல் நிற மதியம். அவள் கையை நீட்டிப் பட்டையைத் தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. மனிதர் மேல் இருக்கும் சூடு. அவள் மேல் கடைசியாக இன்னொருவர் கை பட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. அதுவும் ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ்.

சாய்ந்து உட்கார்ந்தாள். முதுகுக்குப் பின்னால் அது மெல்ல விரிந்தது, மெல்ல ஒடுங்கியது. கொஞ்ச நேரத்தில் அவளுடைய மூச்சும் அதனுடையதும் ஒன்றாகிவிட்டன.

அன்றிரவு எட்டு மணி நேரம் தூங்கினாள்.

அதற்குப் பிறகு தினமும் மதியச் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு அங்கே போனாள். முதலில் சும்மா உட்கார்ந்தாள். பிறகு பேசினாள். அன்றைக்கு அளந்த மரங்கள், கீரிக் குடும்பம் ஒன்று குழாய்க்குள் குடிவந்தது, நாணலுக்குள் கிடந்த யாரோ ஒருவருடைய ஒற்றைச் செருப்பு. பிறகு சுண்டுவைப் பற்றி. சுண்டுவுக்கு இடி என்றால் பயம். சுண்டு கோபம் வந்தால் கீழுதட்டைக் கடிப்பாள். சுண்டு பிறந்தபோது ஒரு சுண்டெலி அளவுதான் இருந்தாள், அதனால்தான் அந்தப் பெயர். எந்தத் தோளில் போட்டால் தூங்குவாள், எந்தப் பாட்டை முணுமுணுத்தால் அழுகையை நிறுத்துவாள். கணவனிடம் சொல்லாதது, தங்கையிடம் சொல்லாதது, சுண்டுவிடமே சொல்லாதது எல்லாவற்றையும் சொன்னாள். "எனக்கு அவளை ஒரு தடவை நல்லா இறுக்கிப் பிடிச்சுக்கணும். அவ்வளவுதான்" என்றாள் ஒருநாள். முதுகுக்குப் பின்னால் மூச்சு ஒரு கணம் நின்றது. கேட்பதற்காக நிறுத்தியதுபோல. பிறகு தொடர்ந்தது.

பத்தாவது நாள், எழுந்திருக்கப் பட்டையில் கை ஊன்றியபோது விரல் வழுக்கியது.

அவள் தோள் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் பட்டை உதிர்ந்திருந்தது. அதன் அடியில் இருந்தது மரத்தின் பச்சையும் அல்ல, வெண்மையும் அல்ல. மாநிறம். முழங்கையின் உள்பக்கம்போல் மிருதுவாக, மெல்லிய மயிர்களோடு. குனிந்து பார்த்தாள். நடுவில் கடுகளவு ஒரு மச்சம். அதற்குக் கீழே இன்னொன்று. அவளுடைய இடது தோள்பட்டையில், சட்டைக்கு உள்ளே, யாருக்கும் தெரியாமல் இருப்பவை அவை. அதே இரண்டு. அதே இடைவெளி.

அண்ணாந்து பார்த்தாள். ஓர் இலைகூட இல்லை. எல்லாம் உதிர்ந்து காலடியில் கிடந்தன. இலைகளுக்கான வேலை முடிந்துவிட்டதைப்போல.

சாப்பாட்டு டப்பாவை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள்.

வாசலில் கண்டக்டர் கொஞ்சம் வருத்தமாகப் பார்த்தார். "என்ன மேடம், என் மேல ஏதாவது கோபமா?"

"ஏன்ணே?"

"நேத்து சாயங்காலம் குளத்துப் பக்கம் அவ்வளவு நேரம் நின்னுட்டு இருந்தீங்க. பூட்டற நேரம் ஆச்சு மேடம்னு நாலு தடவை கூப்பிட்டேன். திரும்பிக்கூடப் பாக்கலை. சரி, வேலைக்கு நடுவுல தொந்தரவு பண்ண வேண்டாம்னு வந்துட்டேன்."

"நான் நேத்து நாலரைக்கே போயிட்டேன்ணே. உங்க நோட்டுல கையெழுத்துப் போட்டேனே."

கண்டக்டர் நோட்டைப் புரட்டினார். நான்கு முப்பது. அவளுடைய கையெழுத்து. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கண்ணு சரியில்ல போல," என்றார்.

அன்றே அறிக்கையில் நானூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினாள். மிச்சமிருந்த வேலையை அலுவலக அறைக்குள் வைத்துக்கொண்டாள். மேற்கு ஜன்னலை அட்டையால் அடைத்தாள். வெள்ளிக்கிழமையோடு முடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவதாக முடிவு செய்திருந்தபோதுதான் சுண்டுவின் செய்தி வந்தது.

'சனிக்கிழமை நீ வேலை பாக்கற இடத்துக்கு வரட்டுமா? மரமெல்லாம் பாக்கணும்.'

மகள் தானாக எதையும் கேட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. வேண்டாம் என்று அடித்தாள். அழித்தாள். வழக்கமான கடைவளாகத்துக்கே போகலாமே என்று அடித்தாள். அழித்தாள். அந்த எதிரெதிர் நாற்காலிகள் நினைவுக்கு வந்தன. கடைசியில் எழுதினாள்: 'வா. ஆனா கேட்டுக்கு வெளியிலயே நில்லு. அம்மா வந்து கூட்டிட்டுப் போறேன். தனியா உள்ள வராதே.' கேட்டில் பார்த்து அப்படியே பக்கத்துக் கடைக்கு அழைத்துப் போய்விடலாம். பட்டியலைக் காட்டலாம், படங்களைக் காட்டலாம். மழை என்று சொல்லிச் சமாளித்துவிடலாம்.

சனிக்கிழமை உண்மையிலேயே மழை பெய்தது. மூன்று மணியிலிருந்து, சாம்பல் நிற மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, கண்டக்டரின் காவல் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றாள். மூன்றரை. மூன்றேமுக்கால். பஸ் தாமதம் என்று சுண்டு செய்தி அனுப்பியிருந்தாள். நான்கு மணிக்கு மேலாளர் போன் செய்தார். மேம்பாலத்து இரைச்சலும் கூண்டின் மேல் மழைச் சத்தமும் சேர்ந்து ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

"அண்ணே, பொண்ணு வருவா. வந்தா உங்க பக்கத்துலயே உக்கார வைங்க. நான் ரெண்டு நிமிஷத்துல வந்துடறேன்."

"ரைட் மேடம். நான் பாத்துக்கறேன்."

அலுவலக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். கணக்கு சரியாக இருப்பதாக மேலாளர் சொன்னார். நல்லாப் பண்ணியிருக்கீங்க என்றார். நன்றி என்றாள். சரியாத் தூங்கறீங்களா என்றார். இரண்டு நிமிடம். அதிகம் போனால் மூன்று.

திரும்பி வந்தபோது கண்டக்டர் தனியாக உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார். அவருடைய முகம் எப்படி மாறியது என்பதை அவள் பார்த்தாள்.

"இன்னும் வரலையா?" என்றாள்.

"மேடம்..." அவர் அவளையும் குளத்துக்குப் போகும் பாதையையும் மாறி மாறிப் பார்த்தார். "பாப்பா வந்துடுச்சே. நீங்கதானே... அந்த வளைவுல நின்னு கையைக் காட்டிக் கூப்பிட்டீங்க. இதே கோட்டு. பாப்பா அம்மான்னு ஓடுச்சு. நான் இப்பதான்..."

மீதியை அவள் கேட்கவில்லை.

பாதை சேறாக இருந்தது, இருபுறமும் நாணல் மழையில் சாய்ந்து முகத்தில் அறைந்தது, தவளைகள் நூறு தொண்டையில் கத்திக்கொண்டிருந்தன, அவள் சுண்டு சுண்டு என்று கூப்பிட்டபடி ஓடினாள், மூச்சு விலாவைக் குத்தியது, எண் போட்ட மரங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின, இருநூற்று நாற்பது, இருநூற்று நாற்பத்தொன்று, தகடுகள் மழையில் மின்னின, இன்னும் ஒரு வளைவு, ஒரே ஒரு வளைவு.

தவளைகள் நின்றன.

எல்லாம் ஒரே நேரத்தில்.

மழை விழுந்தது தெரிந்தது. சத்தம் இல்லை. பாதை நடுவில் நீலநிறக் குடை ஒன்று தலைகீழாகக் கிடந்தது. உள்ளே தண்ணீர் தேங்கத் தொடங்கியிருந்தது.

வாகைக்கு அப்பால் சுண்டு நின்றாள். முதுகு இந்தப் பக்கம். இரண்டு கைகளாலும் யாரையோ இறுக்கிக் கட்டிக்கொண்டு, முகத்தை அந்தத் தோளில் புதைத்துக்கொண்டு. அந்தத் தோளில் சாம்பல் நிறம். மழைக்கோட்டு என்று சொல்லலாம். நனைந்த பட்டை என்றும் சொல்லலாம். சுண்டுவின் தலைக்கு மேலே, பார்த்து நின்ற அவளுடைய சொந்த முகமே இருந்தது. அவளுடைய நெற்றி. அவளுடைய மூக்கு. கண்கள் மூடியிருந்தன. அவள் முகத்தில் அவளே ஒருநாளும் பார்த்திராத நிம்மதி.

"அம்மா," என்றாள் சுண்டு. அழுகிறாளா, சிரிக்கிறாளா, தெரியவில்லை. "நீ எவ்வளவு வெதுவெதுப்பா இருக்கே."

சுண்டு, இங்கே பார். சொல்லவேண்டும். வாயைத் திறந்தாள்.

"சுண்டு," என்றது அவளுடைய குரல். அவள் தொண்டையிலிருந்து அல்ல. அங்கிருந்து. மெதுவாக. எவ்வளவோ அன்பாக.

"ம்."

கால்கள் நகரவில்லை. ஐந்தடி தூரம். நகரவில்லை.

அது கண்ணைத் திறந்தது. சுண்டுவின் தோளுக்கு மேலாக அவளைப் பார்த்தது. பகை இல்லாத பார்வை. நன்றி மாதிரிகூட இருந்தது. பார்த்தபடியே வலது கையை உயர்த்தி, சுண்டுவின் பின்னந்தலையில் வைத்தது. சுண்டு இன்னும் ஒட்டிக்கொண்டாள். விரல்கள் ஈரக் கூந்தலுக்குள் நுழைந்தன. நீண்டன. இன்னும் நீண்டன. மண்ணுக்குள் இறங்கும் வேர்போல, அவசரமே இல்லாமல், உள்ளே போய்க்கொண்டிருந்தன.